விடுமுறை வேதாகமப் பள்ளியின் 'நரக அறை': ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் நிலைப்பாடு

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) 'நரக அறை' அமைத்து நடந்தது என்ன என்பதையும், அதன்பிறகு கூடிய கூட்டம் எப்படிப் பாதியில் கலைந்தது என்பதையும் உறுப்பினர்களுக்கு மறுபடி விளக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு முதல் எல்லாச் சேகரங்களிலும் அந்த அறையை அமைப்பது என்று வட்டாரக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. ஆசிரியர்களை ஒரு வார்த்தை கேட்காமலே சுற்றறிக்கையும் வந்துவிட்டது. எனவே ஞாயிறு பள்ளி ஆசிரியர்களின் சங்கமாகிய நாங்கள் எங்கள் நிலைப்பாட்டை எழுத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

நாங்கள் சொல்லாதவற்றை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறோம். நரகம் உண்டா, அது எப்படிப்பட்டது என்ற உபதேச விவாதத்துக்குள் இச்சங்கம் போகவில்லை. அதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நியாயத்தீர்ப்பு பற்றிய வேதபகுதிகளைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கச் சொல்லவும் இல்லை. உரிய வயதில், உரிய முறையில், பெற்றோர் அறிய அவற்றைக் கற்பிக்கலாம் என்பதே பொதுவாகப் பெரும்பான்மையோர் கருத்து. கர்த்தருக்குப் பயப்படுவதைப் பற்றி வேதம் சொல்வதை நாங்களும் போதிக்கிறோம். ஆனால் நான்காம் வகுப்பு அறையின் ஜன்னல்களைக் கறுப்புத் தார்ப்பாயால் மூடி, சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டு, ஸ்பீக்கரில் அலறல் சத்தத்தை ஓடவிட்டு, வாசலில் தேங்காய் மட்டையைப் புகைய வைத்து, ஆறு வயதுப் பிள்ளைகளை வரிசையாக உள்ளே அனுப்புவதற்கும் பயபக்திக்கும் என்ன சம்பந்தம்?

வெளியே வந்த பிள்ளைகளின் கையில் தீர்மான அட்டையைக் கொடுத்தார்கள். இன்றிரவு நீ இறந்துபோனால் எங்கே இருப்பாய் என்று அதில் கேள்வி. எழுதத் தெரியாத பிள்ளைகளின் கையைப் பிடித்து டிக் போட வைத்தார்கள். கடைசி நாள் எத்தனை அட்டை என்று மேடையில் அறிவித்தபோது கைதட்டலும் நடந்தது. அந்த வாரம் படுக்கையை நனைத்த பிள்ளைகளின் எண்ணிக்கையை யாரும் அறிவிக்கவில்லை. அம்மாமார் வந்து எங்களிடம்தான் சொன்னார்கள்.

ஒரு சிறுமி தன் ஆசிரியையிடம் கேட்டாள்: "டீச்சர், எங்க தாத்தா ஞானஸ்நானம் எடுக்காமலே செத்துட்டாங்க. அவங்க இப்ப அந்த ரூம்லயா இருக்காங்க?" அந்த அறையை அமைத்தவர்கள் யாராவது வந்து அவளுக்குப் பதில் சொல்லட்டும். பாட்டுக்கும் பலகாரத்துக்கும் ஆசைப்பட்டு நம் வி.பி.எஸ்.ஸுக்கு வந்த பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் அதே வரிசையில்தான் நின்றார்கள். அவர்களுடைய பெற்றோரின் முகத்தில் நாங்கள் எப்படி விழிப்பது?

சுற்றறிக்கையில் ஒரு கருத்துதான் எங்களை எல்லாவற்றையும்விட உறுத்துகிறது. தண்டனைப் பயம் இல்லாவிட்டால் யாரும் விசுவாசத்துக்கு வரமாட்டார்கள்; நம் முன்னோரும் அப்படித்தான் வந்தார்கள் என்கிறது அது. இதை எழுதியவர் யாரென்று எங்களுக்குத் தெரியும். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று எங்கள் சங்கத்தில் முடிவானதால் விடுகிறோம். ஆனால் தன் பாட்டியின் பாட்டி எந்தத் துணியோடு சந்தைக்குப் போய்வந்தார் என்பதையாவது அவர் வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்திருக்கலாம்.

மயிலாடி வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய்ச் சுவிசேஷத்தை அறிந்து திரும்பியதும், அவர் கேட்டுக்கொண்டபடி 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்ததும் நம் பிள்ளைகள் பரீட்சையில் எழுதும் விடைகள். அதன்பின் நடந்ததை யாரும் பரீட்சையில் கேட்பதில்லை. அன்றைய தெற்குத் திருவிதாங்கூரில், தாழ்த்தி வைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் தண்டனையை வலியப்போய் வாங்கிக்கொண்டதாகத்தான் அர்த்தம். 1820களில் மேலாடை போட்ட பெண்களைச் சந்தையில் மறித்துத் துணியைக் கிழித்தார்கள். ஜெப வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் கொளுத்தினார்கள். 1829இல் அரசாங்கமே மேலாடைக்குத் தடை விதித்து ஆணை போட்டது. 1858இல் மறுபடி அடிதடி, மறுபடி தீ. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில்தான் அவர்கள் மார்பை மறைத்து உடுத்த அனுமதி கிடைத்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துப் பக்கம் தலைகாட்டாமல் இருந்திருந்தால் அந்தப் பெண்களை யாரும் மறித்திருக்கமாட்டார்கள். விசுவாசத்துக்கு வேர் பயம்தான் என்றால், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த பயம் எது? செத்தபிறகு வரப்போகும் நெருப்பா, நேற்று இரவு கூரையில் வைத்த நெருப்பா? பயந்தவர்களாக இருந்தால் அவர்கள் பழைய இடத்துக்கே திரும்பியிருப்பார்கள். இன்று நம் சேகரங்களே இருந்திருக்காது. தீர்மானம் போட வட்டாரக் குழுவும் இருந்திருக்காது.

அந்தக் காலத்து மிஷனரிகளும் நரகத்தைப் பற்றிப் பிரசங்கித்தார்களே என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதியிருந்தார். பிரசங்கித்தார்கள்தான். பள்ளிக்கூடத்துக்காகவும், வழக்கு என்று வந்தால் மிஷனரி துரை துணைக்கு வருவார் என்பதற்காகவும் சேர்ந்தவர்கள் உண்டு என்று இன்னொருவர் சொன்னார். அதையும் மறுக்கவில்லை. படிப்பும் பாதுகாப்பும் வேண்டும் என்று ஒருவர் ஆண்டவரிடம் வருவதில் என்ன குறை? ஆனால் அடி வாங்கிய பிறகும் அடுத்த ஞாயிறு வந்து உட்கார்ந்தார்களே, அதற்கு இவை மட்டும் போதாது. ஆடை உரியப்பட்டு, ஊரே வேடிக்கை பார்க்க மரத்தில் தொங்கிய ஒருவர்தான் கடவுள் என்று முதன்முதலில் கேள்விப்பட்டபோது, சந்தையில் துணி கிழிக்கப்பட்ட பெண்ணின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? தன் அவமானத்தை அறிந்த ஒரு கடவுள் அவளுக்குக் கிடைத்தார். அவரை அவள் நம்பினாள், நேசித்தாள். நம் குடும்பங்களின் விசுவாசம் அங்கே தொடங்கியது என்று இச்சங்கம் உறுதியாகக் கருதுகிறது.

  அப்படிப் பயத்திலிருந்து வெளியே வந்தவர்களின் சந்ததிக்கு மறுபடி பயத்தையே ஊட்டுகிறோம்.

கிறிஸ்தவர்கள் கடவுளை நம்ப வேறு காரணங்களும் உண்டு. படைப்பின் ஒழுங்கைக் கண்டு நம்புகிறவர்கள் உண்டு. மன்னிப்புக் கிடைத்த நிம்மதியால் நம்புகிறவர்களும், ஜெபத்தில் துணையை உணர்ந்தவர்களும், இறந்துபோன தம்மவரை உயிர்த்தெழுதலில் காண்போம் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அம்மா முழங்காலில் நின்றதைப் பார்த்து வளர்ந்ததைத் தவிர வேறு காரணம் சொல்லத் தெரியாதவர்கள் எங்களில் பலர். அதுவும் நல்ல காரணமே.

தண்டனைப் பேச்சு நமக்குப் புதிதல்ல: 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, நம் கடற்கரை ஊர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடமே போய், பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பேசியவர்கள் உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைக் குறித்து இயேசு என்ன சொன்னார் என்பதை லூக்கா 13ஆம் அதிகாரத்தில் அவர்கள் ஒருமுறை வாசித்திருக்கலாம். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். அதே இடத்தில் மனந்திரும்பச் சொல்லி எச்சரித்தும் இருக்கிறார். அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த எச்சரிப்பைக் கேட்டவர்கள் பெரியவர்கள். சிறு பிள்ளைகள் வந்தபோது அவர் செய்தது வேறு: அணைத்துக்கொண்டு, கைகளை வைத்து ஆசீர்வதித்தார். அவர்களை இருட்டறைக்குள் அனுப்பவில்லை.

ஆகவே, தீர்மானத்தை முழுவதுமாகத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். 'மறுபரிசீலனை செய்யலாம்' என்று எழுதினால் போதும் என ஒரு சாரார் கருதினர். வாக்கெடுப்பில் 'முழுவதுமாகத் திரும்பப் பெற வேண்டும்' என்ற வாசகமே நின்றது. மே மாதம் நிரப்பிய தீர்மான அட்டைகளை ஆண்டறிக்கையில் எண்ணிக்கையாகக் காட்டக் கூடாது. அறைக்குள் போன பிள்ளைகளின் வீடுகளுக்குப் போதகரும் வகுப்பு ஆசிரியரும் நேரில் போய்ப் பேச வேண்டும். இந்து வீடுகளுக்கு முதலில் போக வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான எந்த நிகழ்ச்சியையும் ஆசிரியர் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெற்ற பிறகே நடத்த வேண்டும்.

இவை ஏற்கப்படாவிட்டாலும் அடுத்த வி.பி.எஸ்.ஸில் எங்கள் உறுப்பினர்கள் வகுப்பு எடுப்பார்கள், பாட்டுச் சொல்லிக்கொடுப்பார்கள், பிள்ளைகளுக்குச் சோறும் பரிமாறுவார்கள். அந்த அறை இருக்கும் கட்டடத்துக்குள் மட்டும் ஒரு பிள்ளையையும் அழைத்துப் போகமாட்டார்கள். யாராவது அழைக்க வந்தால் வாசலில் நிற்போம். இந்தக் கடைசி வாக்கியம் மிரட்டலாக இருக்கிறது என்று சொல்லி உறுப்பினர் சிலர் கையெழுத்திடவில்லை. அவர்களுடைய மாற்றுக் கருத்தும் இத்துடன் வட்டாரக் குழுவுக்கு அனுப்பப்படுகிறது.