முதலில் வளைவை நேராக்குங்கள்

கழிவுநீர்த் தொட்டியில் பிஎச் ஊசலாடினால் உடனே கன்ட்ரோலரின் கெயினைக் குறைக்கிறார்கள். ஊசலாட்டம் அடங்கும், ஆனால் அமிலம் திடீரென்று வந்து கொட்டும்போது அதே கன்ட்ரோலர் தூங்கி வழியும். பிறகு ஆபரேட்டர் மேனுவலுக்கு மாற்றிவிட்டு இரவெல்லாம் வால்வோடு மல்லுக்கட்டுகிறார். இதை டியூனிங்கால் தீர்க்க முடியாது. பிஎச் மடக்கை அளவு. வலிய அமிலத்தை 3-லிருந்து 4-க்கு ஏற்ற வேண்டிய காரத்தில் நூறில் ஒரு பங்கே 5-லிருந்து 6-க்குப் போதும். ஆய்வகத்தில் பியூரெட்டைத் திறந்து பாருங்கள்: மில்லிலிட்டர் கணக்கில் ஊற்றியும் அசையாத மீட்டர், 7-ஐ நெருங்கியதும் ஒரே சொட்டில் எகிறும். ஊற்றிய காரத்துக்கு எதிரே பிஎச் போகும் இந்த டைட்ரேஷன் வளைவை அட்டவணையாக்கி, அளந்த பிஎச்சையும் இலக்கு பிஎச்சையும் கார அளவாக மாற்றி, அதன்பின் பிஐடி கன்ட்ரோலருக்குக் கொடுத்தால் ஒரே கெயின் எங்கும் பொருந்தும். (கார்பனேட் கூடக்குறைய இருந்தால் வளைவே மாறும், அட்டவணையை அவ்வப்போது புதுப்பித்தே ஆக வேண்டும்.) இந்தியாவில் ஆற்றில் விடும் கழிவுநீருக்கு பிஎச் 5.5 முதல் 9 வரை என்பது பொது விதி. அதைக் காக்க விரும்பும் ஆலைகள், டியூனிங் ஆளை அழைக்கும் முன்பே டைட்ரேஷன் வளைவைக் கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிட வேண்டும்.