பாத்திரம் கழுவினாலும் எழுதலாம்!

அமெரிக்காவில் 11-ஆம் வகுப்பு முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் கோடை விடுமுறை என்றாலே பரபரப்புதான். பிரபல பல்கலைக்கழக வளாகத்தில் சில வார முகாம். கட்டணமோ ஆயிரக்கணக்கான டாலர். காசு கட்டினால் அங்கேயே சீட் கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கும் பெற்றோர் பாவம்!

ஏராளமான கல்லூரிகள் ஏற்கும் ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் மாணவரின் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள்தான். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். சம்பள வேலைக்கும் குடும்பப் பொறுப்புக்கும் அதில் தனிப் பிரிவே உண்டு. ஓட்டலில் பாத்திரம் கழுவியதையும், தம்பியைப் பார்த்துக்கொண்டதையும் தாராளமாக எழுதலாம். கூச்சப்பட்டு அதை விட்டுவிடும் பிள்ளைகள்தான் அதிகம்.

புதிய விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கும். 650 சொற்களுக்குள் எழுதும் கட்டுரையை ஜூலையிலேயே தொடங்கிவிடலாம். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள்.