எட்டடி விளிம்பு

கூடத்துக் கான்கிரீட் தூணுக்குத் தேக்குப் பலகை போர்த்தியிருந்தால், நான் முதலில் பார்ப்பது மூலைகளைத்தான். பலகையின் தடிமன் எங்கும் தெரியாமல் ஒரு முகம் அடுத்த முகமாகத் திரும்பியிருக்க வேண்டும். அதற்கு நாலு பலகையிலும் இரண்டு நீள விளிம்புகளையும் 45 பாகைச் சாய்வில் அறுக்க வேண்டும். படச்சட்டத்தின் மூலை இரண்டங்குலம் சேர்ந்தால் போதும். தூணில் எட்டடியும் சேர வேண்டும்.

ஒவ்வொரு வெட்டும் அரைப் பாகை பிசகினால் ஒரு மூலைக்கு ஒரு பாகை. 18 மி.மீ. பலகையில் அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான பிளவு. மூன்று மூலைகளை இறுக்கி மூடிவிட்டால், எட்டு வெட்டின் பிசகும் கூடி நாலாவது மூலை 4 பாகை வாய் பிளந்து நிற்கும்.

கோணத்தை எல்லோரும் சரிபார்க்கிறார்கள். பலகையின் வளைவைத்தான் விட்டுவிடுகிறார்கள். ரம்பம் நேராக நிற்கும்போது பலகை மேசையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் எழும்பினாலும் அகலம் மாறாது. 45 பாகை சாய்ந்திருக்கும்போது எழும்பிய அளவே வெட்டும் பக்கவாட்டில் நகரும், விளிம்பு அலையாகிவிடும். ஆகவே முதலில் இழைத்துத் தட்டையாக்க வேண்டும். பிறகு அறுக்கும்போது வெட்டுமிடத்தில் மேலிருந்து அழுத்த வேண்டும், கையால் அல்ல, கட்டையால். பிளேடு கைடுக் கட்டையைப் பார்த்துச் சாயக் கூடாது. சாய்ந்தால் பலகை இடையில் சிக்கி அறுப்பவர் மேலேயே பாயும்.

ஒட்டுவதற்கு கிளாம்ப் முறுக்கினால் சாய்வு முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். எனக்குப் பிடித்தது டேப். பலகைகளை நல்ல முகம் மேலாக, கூர் விளிம்புகள் முட்டும்படி பக்கம் பக்கமாகப் பரப்பி, மூட்டுக்குக் குறுக்கே டேப்பை இழுத்து ஒட்டி, மொத்தமாகக் கவிழ்த்தால் பள்ளங்கள் மேலே வரும். ஃபெவிகாலைப் பூசி மடித்தால் டேப்பே கீலாகி மூட்டை இழுத்து மூடும். வெயில் காலத்தில் பசை சீக்கிரம் தோல் கட்டிவிடும். எட்டடிக்கு இரண்டு பேர் இல்லாமல் தொடங்கக் கூடாது. இழை விளிம்போடு ஓடுவதால் இந்த மூட்டுக்கு ஆணியே தேவையில்லை.

பிளவு விழுந்த இடத்தில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைப்பதை நான் ஏற்பதில்லை. பசை பாலிஷைக் குடிக்காது. முடிவில் அந்தக் கோடுதான் முதலில் கண்ணில் படும்.

நிற்கும் தூணை நாலு பலகையாலும் ஒரேயடியாக மடித்து மூட முடியாது. மூன்றை மடித்து ஒட்டி, வாய் விரியாமலும் குறுகாமலும் அகலத்துக்குச் சரியான கட்டைகளை உள்ளே முட்டுக் கொடுத்து, காய்ந்த பின் அந்தக் கட்டைகளை எடுத்துவிட்டுத் தூணில் பொருத்த வேண்டும். பிறகு நாலாவது பலகையை வைக்க வேண்டும். இரு புறமும் சாய்ந்திருப்பதால் அது ஆப்பு போல நேராக உள்ளே இறங்கும். வெளியிலிருந்து பெல்ட்டுகளைச் சுற்றி இறுக்க இறுக்க, இரண்டு மூலைகளும் சேர்ந்தே மூடும்.