கேம் போடப் போனவரின் டெஸ்க்டாப்பே காணாமல் போனது ஏன்?

கனடா யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் 2021 நவம்பரில் வெளியிட்ட வீடியோ அது. லினக்ஸ் வகையான ‘பாப் ஓஎஸ்’ஸில் கேம் விளையாட ‘ஸ்டீம்’ செயலியை நிறுவப் பார்த்தார். ஆப் ஸ்டோரில் ஏறவில்லை. டெர்மினலைத் திறந்து ‘ஆப்ட்’ கட்டளை கொடுத்தார். அத்தியாவசியத் தொகுப்புகள் நீக்கப்படும் என எச்சரித்த ஆப்ட், ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்று ஆங்கிலத்தில் முழுசாக டைப் செய்யச் சொன்னது. செய்தார். டெஸ்க்டாப்பே போய்விட்டது.

லினக்ஸில் பல செயலிகள் ஒரே நூலகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். ஸ்டீமுக்கு 32 பிட் நூலகங்கள் வேண்டும். அன்று அவை, கணினியிலிருந்த 64 பிட் பதிப்புகளோடு பொருந்தவில்லை. டெஸ்க்டாப்பைத் தூக்கினால் ஸ்டீமுக்கு இடம் கிடைக்கும் என்று ஆப்ட் கணக்குப் போட்டது!

படிக்காமல் டைப் செய்தது அவர் தப்புதான். ஆனால், நீளமான எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? பிறகு ஆப்ட்டையே மாற்றினார்கள். இப்போது அந்த வாக்கியத்துக்கு வேலையில்லை; அத்தியாவசியத் தொகுப்பை நீக்கத் தனி ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

நீக்கும்போது சிக்கல் நேரெதிர். ‘ரிமூவ்’ கொடுத்தால் பொதுவான செட்டிங்ஸ் கோப்புகள் தங்கிவிடும்; ‘பர்ஜ்’ அவற்றையும் துடைக்கும். ஆனால் ஹோம் ஃபோல்டரை இரண்டுமே தொடாது. ஸ்டீம் இறக்கிய கேம்கள் வழக்கமாக அங்கேதான் இருக்கும். ஸ்டீம் போன பிறகும் பல ஜிபி இடம் அடைபட்டே கிடக்கும். முதலில் ஸ்டீமுக்குள் போய் கேம்களை அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, அப்புறம் ஸ்டீமை நீக்குவதே சுலபம்.