ஒண்டுக் குடித்தனத்துச் சுவர்

மென்பொருள் துறையில் ‘மல்டி டெனன்ட்’ என்றொரு சொல் உண்டு. அதற்குக் கலைச்சொல் தேடி யாரும் மெனக்கெட வேண்டாம், நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: ஒண்டுக் குடித்தனம். ஒரே கட்டடம், ஒரே வாசல், பத்துக் குடும்பம். இங்கே ஒரே செர்வர், ஒரே தரவுத்தளம், நூறு நிறுவனங்கள். வித்தியாசம் என்னவென்றால், ஒண்டுக் குடித்தனத்தில் நடுவே செங்கல் சுவர் இருக்கும். மென்பொருளில் அந்தச் சுவர் ஒரு வரி நிரல்தான். ‘கேட்பவர் யார், கேட்கும் பொருள் அவருடையதா?’ என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டிய வரி. எழுதுகிறவர் ஓரிடத்தில் அதை விட்டுவிட்டால் சுவர் இல்லை. இடிந்த சத்தம்கூடக் கேட்காது.

அந்தச் சுவரைத் தட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு நிறுவனத்தின் கணினிச் சொத்துகளை நிர்வகிக்கும் மென்பொருளில் நுழைந்து, முகவரியில் இருக்கும் எண்ணில் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பேன். சில நேரம் அடுத்த நிறுவனத்தின் பட்டியல் வந்து நிற்கும். எந்த மேசையில் எந்தக் கணினி, யார் கையில் இருக்கிறது, எது அப்டேட் செய்யாமல் கிடக்கிறது, எல்லாம். திருடனுக்கு வீட்டு வரைபடத்தையே கொடுத்த மாதிரி. போய்ச் சொன்னால், “சின்ன பக் தானே, அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்” என்பார்கள். என் சண்டை இந்தச் ‘சின்ன’ என்ற சொல்லோடுதான்.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாம் தமிழ்நாட்டுப் பெருமை என்று கொண்டாடும் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவில் சர்வீஸ்டெஸ்க் பிளஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. உதவிக் கோரிக்கைகளையும் கணினிச் சொத்துக் கணக்கையும் பார்த்துக்கொள்வது. பல வாடிக்கையாளர் நிறுவனங்களை ஒரே இடத்தில் வைத்து நிர்வகிப்பவர்களுக்கு அதில் தனிப் பதிப்பே உண்டு. உள்நுழையாமலேயே ஆட்டிவைக்கக்கூடிய ஓட்டை ஒன்று அதில் இருந்தது. செப்டம்பரில் அடைத்தார்கள். அடைப்பைப் போடாதவர்களின் செர்வர்களில் ஆட்கள் புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்று டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரித்தது.

அதே செப்டம்பரில், ஊழியர்கள் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ள உதவும் ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸிலும் ஓர் ஓட்டை வெளிவந்தது. முகவரியின் நடுவே ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் கூடுதலாகச் சேர்த்தால், வாசல் காவலுக்கு அது வேறு முகவரியாகத் தெரிந்தது. உள்ளே திறந்ததோ அதே கதவு. ஒரு புள்ளி, ஒரு கோடு. சின்ன பக் தானே?

அந்தக் கதவு வழியாக 2021 நவம்பர் 9 அன்று சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் செர்வருக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். கண்டுபிடிக்க 70 நாள் ஆனது. உள்ளே இருந்தவை உலகெங்கும் குறைந்தது 60 தேசியச் சங்கங்கள் சேர்த்து வைத்த 5,15,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள். போரில் பிரிந்தவர்கள், காணாமற்போனவர்கள், அவர்களைத் தேடும் குடும்பத்தார், சிறையில் இருப்பவர்கள். ஸோஹோ அடைப்பைக் கொடுத்திருந்தது, சங்கம் அதை உரிய நேரத்தில் போடவில்லை. இதைச் சங்கமே ஒப்புக்கொண்டது.

இது ஏதோ ஜெனீவா சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் ராமேஸ்வரம் ரயிலில் ஒருமுறை மண்டபம் முகாம் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். அந்த முகாம் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்திச் சோதித்து அனுப்பிய வெள்ளைக்காரன் காலத்து இடம். 1983-க்குப் பிறகு அதே கடல் வழியே திரும்பி வந்தவர்கள் அங்கே அகதிகளாகப் பதிவானார்கள். 2022-இல் பொருளாதாரம் சரிந்து தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களும் அங்கேதான் கொண்டுபோகப்பட்டார்கள். பெயர் எழுதாமல் யாரும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், காணாமற்போனவர்களைத் தேடிச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் பதிவான பெயர்கள் 16,000-க்கும் மேல். எங்கள் கரையில் ஒரு பெயர், ஒரு முகவரி, ‘இவருக்கு அங்கே ஒரு தம்பி’ என்ற ஒரு வரி என்ன செய்யக்கூடும் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டியலில் பெயர் இருந்ததால் பிழைத்தவனும் உண்டு, செத்தவனும் உண்டு.

தமிழன் செய்த மென்பொருளைக் குறை சொல்லலாமா என்று கேட்பார்கள். சொல்லலாம். ஊர்க்காரன் செய்த பூட்டு என்றால் இழுத்துப் பார்க்காமலா வாங்குவோம்? அடைப்பு கொடுத்தாயிற்று என்கிறார் செய்தவர், நேரம் தவறிவிட்டது என்கிறார் வாங்கியவர். இரண்டும் உண்மை. ஆனால் இந்தப் பேச்சில் மூன்றாவது ஆள் எங்கே? கோப்பில் பெயர் இருப்பவர்தானே உண்மையான குடித்தனக்காரர்? வாடகை ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தே இல்லை.

செஞ்சிலுவைச் சங்கம் அதன் பிறகு செய்ததை மதிக்கிறேன். தொலைபேசியில் சொன்னார்கள், கடிதம் போட்டார்கள், சில இடங்களில் தொலைதூர ஊர்களுக்கு ஆளனுப்பி நேரிலேயே சொன்னார்கள். 2023-இல் வந்த நம் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு என்ற காரணங்களுக்காக எந்த அரசு அமைப்புக்கும் ஒன்றிய அரசு விலக்கு அளிக்க வழிவிடுகிறது. அகதியின் கோப்பில் இந்த இரண்டு காரணங்களும் முதல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. யாருக்குச் சுவர் மிகவும் அவசியமோ, அவருடைய சுவரைத்தான் சட்டம் நகர்த்தக்கூடியதாக வைத்திருக்கிறது.

2021 ஆகஸ்டில் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினோம். பெயரை மாற்றியவர்கள் அந்தப் பெயர்கள் இருக்கும் பதிவேட்டையும் கவனிக்கட்டும். எந்தப் பதிவேடானாலும், அதை யார் திறந்தார், எப்போது திறந்தார் என்று அதில் உள்ளவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கசிந்தால் அவர் வீட்டு வாசலுக்கு வந்து, அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அதுவரை ‘சின்ன பக்’ என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். யாருக்குச் சின்னது?