வாள்வீச்சும் வளைகாப்பும்!

வாரா வாரம் இருபது முரடர்களை அடித்து வீழ்த்தும் வீராங்கனை வேடம். அந்த வேடத்தில் நடிக்கும் நடிகை திடீரென்று ஒருநாள் முழுகாமல் இருப்பதாகச் சொல்கிறார்.

பட அதிபர் என்ன செய்வார்? கதையை மாற்றுவாரா? ஆளை மாற்றுவாரா?

வெளிநாட்டு டெலிவிஷன் உலகில் இரண்டுமே நடந்திருக்கிறது. எந்த நடிகைக்குக் கதை மாறுகிறது, எந்த நடிகைக்குச் சீட்டு கிழிகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஏழு வயது மகளோடு...

நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்தவர் லூசி லாலெஸ். 1968-ல் பிறந்தவர். இருபது வயதிலேயே கல்யாணம், ஒரு பெண் குழந்தை. ஆஸ்திரேலியாவுக்குப் போய் தங்கச் சுரங்கத்தில் கூட வேலை பார்த்தவர்.

"ஹெர்குலிஸ்" தொடரில் ஜீனா என்ற போர்வீராங்கனை வேடம் முதலில் வேறு நடிகைக்குத்தான் பேசப்பட்டது. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போகவே, கடைசி நேரத்தில் லூசிக்கு அடித்தது யோகம். 1995-ல் ஜீனாவுக்குத் தனித் தொடரே ஆரம்பித்து விட்டார்கள்.

அதே ஆண்டில்தான் லூசிக்கு விவாகரத்தும் ஆனது. மகளுக்கு அப்போது வயது ஏழு.

குதிரைச் சவாரி, வாள் சண்டை, கம்புச் சண்டை, அந்தரத்தில் குட்டிக்கரணம்! ஆக்லாந்தை ஒட்டிய காட்டிலும் கடற்கரையிலும் தோல் உடுப்பைப் போட்டுக்கொண்டு 6 வருடம் நடித்தார். மொத்தம் 134 கதைகள்.

சினிமா வேறு, டெலிவிஷன் வேறு. "கில் பில்" படம் தொடங்க இருந்தபோது கதாநாயகி உமா தர்மன் கர்ப்பமானார். டைரக்டர் டாரண்டினோ ஷூட்டிங்கையே தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார். சினிமாவுக்கு அது முடியும்.

டெலிவிஷனுக்கு முடியாது. வருடத்துக்கு 22 கதை கொடுத்தாக வேண்டும். ஒரு கதைக்கு ஏழெட்டு நாள் ஷூட்டிங். ஒளிபரப்பும் நாள் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது. விளம்பரக் கம்பெனிகள் பணம் கட்டிவிட்டார்கள். நடிகை படுத்துவிட்டால் அத்தனை பேருக்கும் வயிற்றில் புளி கரைக்கும்.

குதிரை சறுக்கியது

1996 அக்டோபரில் அப்படித்தான் ஆனது. ஜே லெனோவின் பிரபல இரவு நிகழ்ச்சிக்காக அமெரிக்காவின் பர்பேங்க் நகருக்கு லூசி போயிருந்தார். ஸ்டூடியோவின் கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை. குதிரை கால் சறுக்கியது. லூசி கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு பல இடத்தில் முறிந்தது. நேரே ஆஸ்பத்திரி.

தொடர் நிற்கவில்லை. ஜீனாவின் உயிர் அவளுடைய பரம எதிரி கலிஸ்டோவின் உடம்புக்குள் புகுந்துவிட்டதாகக் கதை எழுதினார்கள். வில்லியாக நடித்த ஹட்சன் லீக் என்ற நடிகையே ஜீனாவாகவும் நடித்தார். நம்மூர் விக்கிரமாதித்தன் கதையில் வரும் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தைதான்! லூசி படுக்கையில் இருந்தார். ஜீனா திரையில் இருந்தாள்.

1998-ல் லூசி மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை ராபர்ட் டாப்பர்ட். அவர் யார்? அந்தத் தொடரின் தயாரிப்பாளர்! 1999 அக்டோபரில் ஆண் குழந்தை பிறந்தது.

இந்தத் தடவை வயிற்றை மறைக்கவில்லை. ஜீனாவே தெய்வ சக்தியால் கர்ப்பமானதாகக் கதை கட்டினார்கள். பிள்ளைத்தாய்ச்சி வீராங்கனை வாளோடு வந்தாள். பெண் குழந்தை பெற்றாள்.

சரி, பிறந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரா வாரம் எப்படிச் சண்டை போடுவது? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். ஜீனா பனிக் குகையில் 25 வருடம் உறைந்து கிடக்கிறாள். கண் விழிக்கும்போது மகள் வளர்ந்து ரோமாபுரிப் படைத் தலைவியாக நிற்கிறாள்!

தொட்டில் இல்லை, பால் புட்டி இல்லை, ராத்திரி அழுகை இல்லை. 25 வருட வேலை ஒரே வாரத்தில் தீர்ந்தது. ஷூட்டிங் முடிந்து வீட்டுக்குப் போன லூசிக்கு அந்தப் பனிக் குகை கிடைத்திருக்காது.

பத்தே நாள்

"எக்ஸ் பைல்ஸ்" தொடரில் துப்பறியும் அதிகாரி ஸ்கல்லியாக நடித்த ஜில்லியன் ஆண்டர்சன் கதை இன்னும் சிக்கலானது. 1993-ல் தொடர் ஆரம்பம். முதல் வருடம் முடிவதற்குள் கர்ப்பம். அப்போது அவர் பெயர் பெற்ற நடிகை அல்ல. ஆளையே மாற்றிவிடலாமா என்ற பேச்சு கூட அடிபட்டது.

கடைசியில் ஸ்கல்லியை ஒருவன் கடத்திப்போக, வேற்றுக்கிரகவாசிகளிடம் சிக்கி அவள் மாயமானதாகக் கதை வந்தது. 1994 செப்டம்பரில் ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்தார்கள். பத்தே நாளில் ஷூட்டிங்குக்கு வந்துவிட்டார் ஜில்லியன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவு தப்பிக் கிடக்கும் காட்சி. நடிக்கவே வேண்டியதில்லை போலும்!

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடத்தல்தான் பின்னால் தொடருக்கே முதுகெலும்புக் கதையாகிவிட்டது. ஸ்கல்லிக்குப் புற்றுநோய் வந்த கதையும் அதிலிருந்துதான் கிளம்பியது. 1997-ல் ஜில்லியன் எம்மி விருதும் வாங்கினார். ஆனாலும் 2016-ல் தொடர் மறுபடி வந்தபோது, ஜோடி நடிகர் டேவிட் டுக்கோவ்னியின் சம்பளத்தில் பாதிதான் தனக்கு முதலில் பேசப்பட்டது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

"ஏலியஸ்" தொடரில் உளவுக்காரியாக நடித்த ஜெனிபர் கார்னருக்கு 2005 டிசம்பரில் குழந்தை பிறந்தது. கதையிலும் உளவுக்காரி கர்ப்பமானாள். உதைப்பதற்கு ரேச்சல் நிக்கோல்ஸ் என்ற புதுப் பெண்ணைக் கொண்டு வந்தார்கள். 22 கதை வர வேண்டிய வருடத்தில் 17 தான் வந்தது. 2006 மே மாதத்தோடு தொடர் முடிந்தது.

கோர்ட்டுக்குப் போன வயிறு

இவர்கள் மூன்று பேரும் முக்கிய வேடக்காரர்கள். அவர்கள் இல்லாவிட்டால் தொடரே இல்லை. ஆகையால் கதை வளைந்து கொடுத்தது.

புதிதாக வரும் நடிகைக்கு? ஹன்டர் டைலோவைக் கேட்டால் தெரியும்.

1996-ல் "மெல்ரோஸ் பிளேஸ்" தொடரில் ஒப்பந்தமானார் ஹன்டர். சண்டை வேடம் அல்ல. ஆண்களை மயக்கும் வேடம். கையில் இருந்த பழைய தொடரை விட்டுவிட்டு வந்தார். கர்ப்பம் என்று சொன்னார். வேலை போச்சு! உருவம் மாறினால் ஒப்பந்தம் செல்லாது என்பது கம்பெனியின் வாதம். வேடம் வேறு நடிகைக்குப் போனது.

ஹன்டர் விடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். விசாரணை வந்தபோது மறுபடியும் அவர் நிறைமாத கர்ப்பிணி. வயிற்றோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். இந்த உருவமா வேடத்துக்கு ஒத்து வராது என்று ஜூரிகள் கண்ணாலேயே பார்த்துக் கொண்டார்கள்.

அதோடு இன்னொரு சங்கதி. அதே தொடரின் பெரிய நட்சத்திரம் ஹெதர் லாக்லியரும் 1997-ல் கர்ப்பம். அவர் வேலை போகவில்லை! காமிரா மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது.

1997 டிசம்பரில் தீர்ப்பு. ஸ்பெல்லிங் கம்பெனி சுமார் 48 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றார்கள் ஜூரிகள்.

கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1978-லேயே வந்துவிட்டது. 19 வருடம் கழித்தும் ஒரு நடிகை கோர்ட்டு ஏறித்தான் அதை வாங்க வேண்டியிருந்தது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் எத்தனை பேர் பேசாமல் வீட்டுக்குப் போனார்களோ!

டூப் போடும் பெண்?

ஜீனா அந்தரத்தில் பறந்தபோது பறந்தது எப்போதும் லூசி அல்ல. பிற்கால ஜீனாவுக்கு டூப் போட்டவர் ஸோயி பெல் என்ற நியூசிலாந்துப் பெண். "கில் பில்" படத்தில் உமா தர்மனுக்கும் அவர்தான் டூப்.

டூப் நடிகை கர்ப்பமானால் யாரும் கதையைத் திருத்தி எழுத வேண்டியதில்லை. இன்னொரு டூப்பைக் கூப்பிட்டால் தீர்ந்தது. விழுந்தால்தான் கூலி; விழ முடியாத மாதங்களில் கூலி ஏது?

அமெரிக்காவில் 1993-ல் வந்த சட்டம் 12 வார லீவு கொடுக்கிறது. ஆனால் சம்பளம் கிடையாது. அந்த லீவுக்கும் ஒரே முதலாளியிடம் 12 மாதம், 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். இன்று ஒரு கம்பெனி, நாளை ஒரு கம்பெனி என்று ஓடும் சண்டைக்காரப் பெண்ணுக்கு இது எட்டாக் கனி. தனியார் வேலைக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு தரும் தேசிய சட்டம் அங்கே இன்றுவரை இல்லை.

நியூசிலாந்து பரவாயில்லை. சம்பளத்தோடு 12 வாரம் என்று ஆரம்பித்து, 2020 முதல் 26 வாரமாகக் கொடுக்கிறது.

ஆனால் ஜீனா ஓடிய வருடங்களில் அங்கேயும் அந்தச் சட்டம் இல்லை. லூசிக்கு மூன்றாவது குழந்தை பிறந்தது 2002 மே மாதம். சட்டம் அமுலுக்கு வந்தது அதே வருடம் ஜூலை 1-ந் தேதி.