பக்கவாதம்: மூன்றாம் நாள் வீக்கம் ஏன்?

பொதட்டூர்பேட்டையில் கரும்பு பயிரிடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. தந்தைக்குப் பக்கவாதம் வந்து, மூன்றாம் நாள் நிலைமை மோசமாகிவிட்டது. மூளை வீங்கியிருக்கிறது, அதில் நோய் எதிர்ப்பு செல்களுக்கும் பங்குண்டு என்கிறார் மருத்துவர். உறவினர்களோ எதிர்ப்புச் சக்தி கூட கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

மருத்துவர் சொன்னது சரிதான். பெரும்பாலான பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருகிறது. வாய்க்கால் அடைத்தால் கடைமடை காய்வது மாதிரிதான். பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன என்பது ஒரு கணக்கு. உடனே மூளையில் குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் செல்கள் விழித்துக்கொள்கின்றன. சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நியூட்ரோபில் எனும் வெள்ளையணுக்கள் வந்து சேரும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளை, கிருமியே இல்லாத இடத்தில் அவை கொட்டுகின்றன. குழாய்ச் சுவர் அரிபட்டு நீர் கசிகிறது. 2 முதல் 5 நாட்களுக்குள் வீக்கம் உச்சத்துக்குப் போக இதுவும் ஒரு காரணம்.

அவற்றைத் தடுத்துவிட்டால் என்ன? தடுத்தும் பார்த்தார்கள். வெள்ளையணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாமல் தடுக்கும் என்லிமோமாப் மருந்தை 625 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2001-ல் வெளியானது. மருந்து பெற்றவர்களிடம் காய்ச்சலும் தொற்றும் சாவும்தான் கூடின. எல்லா எதிர்ப்பு செல்களும் கெடுதல் செய்பவை அல்ல. செத்ததை அள்ளிச் சுத்தம் செய்பவை உண்டு. சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் உண்டு (2025-ல் மருத்துவ நோபல் பரிசு இவற்றைக் கண்டறிந்தவர்களுக்கே).

பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, நிமோனியா எளிதில் வரும் என்பதும் உண்மைதான். அதற்குக் கஷாயம் மருந்தல்ல. விழுங்கும் திறனை மருத்துவர் சோதிக்கும் முன் வாயில் ஊற்றினால், அது நுரையீரலுக்குள் போய் அந்த நிமோனியாவையே வரவழைக்கலாம்.

ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் வருவார்கள். எலும்பு மஜ்ஜை செல்களை ஏற்றி, இந்தியாவில் 5 மருத்துவமனைகளில் 120 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2014-ல் வெளியானது. ஆபத்து இல்லை, பலனும் இல்லை. அதற்காக நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பிறகு பிசியோதெரபிதான் பெரிய துணை. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். வீட்டில் வேறு யாருக்காவது வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால், மணியைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.